அறுநூற்று நாற்பது கன அடி

கசிவுக்கு ஓய்வு கிடையாது. ஒரு வாஷர் தேய்ந்துவிட்டால் அது ராப்பகலாக, ஞாயிறு பெருநாள் பாராமல், ஒரே சீராகக் காற்றை விட்டுக்கொண்டே இருக்கும். முப்பத்தொரு வருஷம் ரயில்வே பட்டறையில் பிரேக் காற்றுக்குழாய்களோடு குடித்தனம் நடத்தி ஓய்வுபெற்ற கன்னையாவுக்கு இதில் சந்தேகமே இருந்ததில்லை. அதனால்தான் அந்தச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுச் சமையலறை மூலையில், நீலப் பிளாஸ்டிக் டிரம்முக்குள் முக்கி வைத்த காற்று டேங்கைப் பார்த்தபடி, காப்பி ஆறுவதுகூடத் தெரியாமல் குந்தியிருந்தார்.

டேங்கின் கழுத்திலிருந்து குமிழிகள் வந்தன. வரத்தான் வேண்டும்; வாஷர் போயிருக்கிறது. நாலு எண்ணும் வரை வந்தன. பிறகு நின்றன. அந்த நின்ற நேரத்தில் கழுத்தைச் சுற்றியிருந்த தண்ணீர் லேசாக உள்ளே குழிந்தது. பிறகு மறுபடியும் குமிழிகள்.

இந்தக் கசிவு ஓய்வெடுத்தது.

அவர் டேங்கைத் தூக்கித் துடைத்து அழுத்த மீட்டரை மாட்டினார். முள் மூவாயிரத்தில் நின்றது. பிறகு மூவாயிரத்து நூறுக்கு ஏறியது. அடைத்த காற்று குளிர்ந்தால் முள் இறங்கும். சும்மா நிற்கிற டேங்கில் ஏறாது. ஏறினால் யாரோ உள்ளே காற்றடிக்கிறார்கள் என்று அர்த்தம். கன்னையா வேறொரு மீட்டரை எடுத்துவந்து மாட்டினார். அதுவும் அதையே சொல்லிற்று. வெடுக்கென்று ஏறும்; பிறகு நீளமாக, தட்டுத்தடுமாறி, இழுத்து இழுத்து இறங்கும்.

அந்தத் தாளம் அவருக்குத் தெரிந்த தாளம். பதினோரு வருஷம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்ட தாளம். தெரியாதது போல எழுந்து போய், ஆறிய காப்பியைக் குடித்தார்.

இந்த டேங்கு வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். செராஸில் கடை வைத்திருந்த வாசு, கோலாலம்பூர் ஆபீஸ்காரர்களை வேனில் ஏற்றிக் கிழக்குக் கரை மெர்சிங்குக்குக் கொண்டுபோய், அங்கிருந்து படகில் ஒரு தீவுக்குத் தள்ளிக்கொண்டு போகிறவன். முதுகில் காற்று டேங்கு கட்டிக் கடலுக்குள் இறங்கிப் பவளப்பாறை பார்ப்பது. மீதி நேரம் மணலில் படுத்துக் கறுத்துப்போவது. எண்பத்தேழாம் வருஷம் அது புது மோகம். புதியவர்களுக்கு ஆளுக்கு ஒரு டேங்கு, ஒரே முக்குளிப்பு. டேங்கில் காற்றடைக்கும் வாசுவின் கம்ப்ரெசர் ஒருநாள் உயிரைவிட, அதைக் கன்னையாவிடம் கொண்டுவந்து போட்டான். அவர் அதைப் பிழைக்கவைத்தார். பிழைத்த இயந்திரம் அவர் வீட்டுக் கொல்லையிலேயே தங்கிவிட்டது. வெள்ளிக்கிழமைதோறும் டேங்குகளை நிரப்பிக் கொடுப்பது கன்னையாவின் பொழுதுபோக்காயிற்று.

முதல் வாரமே புகார் வந்தது.

"அங்கிள், காத்துல மீன் பொரிக்கிற வாசனை அடிக்குதாம்," என்றான் வாசு. பின் சந்தில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை இருந்தது. அறுபதடி ஆழத்தில் ஒரு ஜப்பான்காரருக்கு மசாலா மணம் ஏறி, சுற்றி நீந்திய மீன்களை அவர் வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்துவிட்டாராம். "சிரிக்காதீங்க. சுத்தமான காத்து வேணும்லா. இல்லாட்டி என் பிஸ்னஸ் காலி."

பிரிக்ஃபீல்ட்ஸில் சுத்தமான காற்றுக்கு எங்கே போவது? முன்னால் பஸ் புகை. பின்னால் மீன். கன்னையா வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் ஓர் இடம் அகப்பட்டது. புகை நுழையாத, தூசி நுழையாத, மூன்று மாதமாக மனிதர் நுழையாத இடம்.

அது மச்சான் பக்கிரிசாமியின் அறை.

பக்கிரிசாமி, கன்னையாவின் மனைவி தனலெட்சுமிக்கு அண்ணன். கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஷீட்டு உலர்த்தும் புகைக்கூடத்தில் வேலை பார்த்து, நெஞ்சு முழுக்கப் புகையை வாங்கிக்கொண்டு, தங்கை வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தவர். பதினோரு வருஷம் அந்தக் கட்டிலில் உட்கார்ந்தபடியே மூச்சுக்கு அலைந்தார். இழுப்பது வெடுக்கென்று, விடுவது நனைந்த விசிலை ஊதுவதைப் போல. மழை பெய்த ஒரு பிற்பகல் மூன்று மணிக்கு, "மாப்ளே, கதவெத் தொற," என்று கேட்டார். கன்னையா திறக்கவில்லை. "ரோட்டுப் புகை வரும் மச்சான். ஒங்க நெஞ்சுக்கு ஆகாது," என்றார். யோசித்துப் பார்த்தால் நியாயமான பதில்தான். பக்கிரிசாமி இன்னும் நாலு தடவை கேட்டார். அரை மணியில் கேட்பதை நிறுத்திவிட்டார். இதைக் கன்னையா யாரிடமும் சொன்னதில்லை.

அவர் செத்த நேரம் அவிட்ட நட்சத்திரம். கோவில் ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, அறையை ஆறு மாதம் அடைத்து வைக்கச் சொன்னார். அந்த நட்சத்திரத்தில் போனவர் உடனே போய்விட மாட்டாராம். வழி கிடைக்கும் வரை அந்த நாலு சுவருக்குள்ளேயே இருப்பாராம். வாசல் வழியாகவும் எடுக்கக் கூடாது. பின் சுவரை உடைத்துப் பிணத்தை வெளியே எடுத்து, அன்றைக்கே கன்னையா சிமெண்டு வைத்துப் பூசினார். ஜன்னலுக்கும் கதவிடுக்குக்கும் மேலே இருந்த காற்றுத் துவாரத்துக்கும் பசை தடவி, காகிதத்தை மூன்று மடிப்பாக ஒட்டினார். ரயில்வேக்காரன் அடைத்தால் காற்றுகூட வெளியேறாது என்று சொல்லிக்கொண்டேதான் ஒட்டினார். தனலெட்சுமி தினம் சாயங்காலம் மூடிய கதவுக்கு வெளியே விளக்கேற்றுவாள்.

முந்தைய நாள், வெள்ளிக்கிழமை, அவள் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போன நேரத்தில், கன்னையா ஏணி போட்டு ஏறி, காற்றுத் துவாரத்துக் காகிதத்தில் ஒரு ஓட்டை போட்டு, ஹோஸைச் செருகி, சுற்றிலும் பசையை அப்பினார். கதவைத் திறக்கவில்லையே. உள்ளே போகவில்லையே. ஒரு ஹோஸ்தானே.

எட்டு டேங்குகள். எட்டாவது நிறையும்போது கம்ப்ரெசர் முனகியது. கதவுப் பலகை உள்பக்கமாக ஒரு விரல்கடை வளைந்ததை அவர் கவனித்தார். பழைய பலகை என்று நினைத்துக்கொண்டார். கம்ப்ரெசரிலிருந்து ஹோஸைக் கழற்றியதும், கரப்பான் புகாமல் இருக்க, அதன் வாயில் ஒரு தக்கையைச் செருகினார். பழக்க தோஷம். எட்டாவது டேங்கில் வாஷர் கசிந்ததால் அதை நிறுத்திக்கொண்டு மற்ற ஏழையும் வேனில் ஏற்றினார். வாசுவுக்கு ஒன்று, பங்சார் இன்சூரன்ஸ் ஆபீஸ்காரர்கள் ஆறு பேருக்கு ஆறு.

அந்த ஆறு பேரில் ஒருத்தி அவருடைய ஒரே மகள் கோமளா. இருபத்து மூன்று வயது. அவளுடைய டேங்கை அவர்தான் முதலில் நிரப்பினார். முதல் காற்றுதான் இருப்பதில் சுத்தம் என்று. அடையாளத்துக்கு அவளுடைய நகச்சாயத்தாலேயே சிவப்பாக ஒரு பொட்டும் வைத்தார்.

இப்போது சனிக்கிழமை காலை. கன்னையா காப்பிக் கோப்பையை வைத்துவிட்டு, டேங்கின் வால்வை ஒரு மயிரிழை திறந்தார். மூக்கை வைக்கவே வேண்டியிருக்கவில்லை. தைல எண்ணெய், புகையேறிய ரப்பர், வியர்வை ஊறிய தலையணை, கிராம்பு சிகரெட்டு. பதினோரு வருஷத்து வாசனை சமையலறையில் வந்து நின்றது. அடியில் மெல்லிய விசில். அவர் வால்வை மூடினார். விசில் உடனே நிற்கவில்லை. இழுத்து முடித்துவிட்டுத்தான் நின்றது. அவர் டேங்கை மறுபடி டிரம்முக்குள் முக்கினார்.

"என்னங்க," என்றாள் பின்னால் தனலெட்சுமி. அவள் பயற்றங்காயும் கத்தியுமாக வந்து டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஒங்ககிட்ட சொன்னா சிரிப்பீங்கன்னுதான் சொல்லல. மூணு மாசமா விளக்கேத்துறப்ப கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணன் மூச்சு கேக்கும். நேத்து கேக்கல."

கன்னையா சிரிக்கவில்லை.

"போயிட்டாரு போல," என்றாள் அவள், காயை நறுக்கிக்கொண்டே. "நல்லபடியா போய்ச் சேரட்டும்."

அவர் நாள்காட்டியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். அறை பத்தடிக்கு எட்டடி, உயரம் எட்டடி. அறுநூற்று நாற்பது கன அடி. டேங்கு ஒன்றுக்கு எண்பது. எட்டு டேங்கு. எட்டெட்டு அறுபத்து நாலு. மறுபடி போட்டார். விடை மாறவில்லை. கொல்லைக்கு ஓடி ஹோஸின் தக்கையைப் பிடுங்கப் பார்த்தார். அது பாதிக்கு மேல் உள்ளே இழுக்கப்பட்டிருந்தது. அசையவில்லை. பின்னறைக் கதவில் காதை வைத்தார். எந்த அறையிலும் ஏதாவது ஒரு சத்தம் இருக்கும், பல்லியாவது. அங்கே ஒன்றுமே இல்லை. அவர் அந்த அறையின் மூச்சைக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சி எடுத்து ஏழு பேர் முதுகில் கட்டி அனுப்பிவிட்டார்.

பத்து மணிக்குச் செராஸ் கடை திறந்ததும் போன் செய்தார். வாசுவின் அக்கா மார்க்கிரட் எடுத்தாள்.

"அவங்களெ நிறுத்தணும்மா. தண்ணிக்குள்ள எறங்கக் கூடாது. காத்து சரியில்ல."

"படகு ஒம்பது மணிக்கே போயிருக்கும் அங்கிள். தீவுல போன் ஏது? போலீஸ் ரேடியோதான் இருக்கு." அவள் தாளை எடுக்கும் சத்தம் கேட்டது. "காத்து என்ன சரியில்லன்னு சொல்லட்டும்?"

கன்னையா பின்னறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"எண்ணெய் புகை கலந்திருக்குன்னு சொல்லு."

"மறுபடியும் மீனா?" என்று அவள் சிரித்தாள்.

மாலை வரை போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சுவர்க் கடிகாரம், ஸ்காட் ரோட்டு பஸ்கள், கோவில் மணி, சமையலறையில் டேங்கின் குமிழிகள் எல்லாம் கேட்டன. நாலு எண்ணும் வரை, பிறகு ஓய்வு. ஆறரைக்குப் போன் அடித்தது.

"வாசு ரேடியோவுல பேசினான் அங்கிள்," என்றாள் மார்க்கிரட். "ஒங்க மெசேஜ் லேட்டு. எறங்கி ஏறிட்டாங்க. பிரச்சனையே இல்லையாம். ஒங்களுக்கு தேங்க்ஸ் சொல்லச் சொன்னான். என்ன காத்து அடைச்சீங்கன்னு கேக்குறான். ஒன்றரை மணி நேரம் அடியிலயே இருந்தாங்களாம். முள்ளு எறங்கவே இல்லையாம். மூணு தடவை எறங்கிட்டாங்களாம், அதே டேங்குல."

ஒரு டேங்கு ஒரே முக்குளிப்புக்குத்தான் வரும் என்று கன்னையாவுக்குத் தெரியும்.

"வாசு குரல்தான் ஒரு மாதிரி இருந்துச்சு. உப்புத் தண்ணி குடிச்சிருப்பான் போல. கொஞ்சம் இழுப்பு." அவள் கொட்டாவி விட்டாள். "நாளைக்கு வந்துருவாங்க. கவலைப்படாதீங்க."

அந்த ராத்திரி அவர் தூங்கவில்லை என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. விடியும்போது ஒரு யோசனை வந்தது. எடுத்ததைத் திருப்பி வைத்துவிட்டால்? எட்டில் ஒரு பங்கு கையில் இருக்கிறது. அதை ஹோஸில் மாட்டி, அறைக்குள்ளேயே விட்டுவிடலாம். மச்சான் இவ்வளவாவது வந்து சேர்ந்துவிட்டால், மற்ற ஏழும் எங்கிருந்தாலும், வழி தெரிந்து, கோமளாவை விட்டுவிட்டு... நல்ல ஃபிட்டர் போடும் கணக்கு அது. கசிந்த இடத்துக்கே காற்றைத் திருப்பு. ஞாயிறு முழுவதும் கொல்லையில் உட்கார்ந்து, டேங்கையும் ஹோஸையும் இணைக்க ஒரு பித்தளை மூட்டுத் துண்டைக் கடைந்தார். இரண்டு முறை கெட்டது. மூன்றாவது சரியாக வந்தபோது மணி ஏழு.

சமையலறைக்குப் போனார். டிரம்மில் குமிழிகள் இல்லை. தண்ணீர் கண்ணாடி போலக் கிடந்தது.

மீட்டரை மாட்டினார். முள் பூஜ்யத்தில் இருந்தது.

நேற்றுக் காலையிலிருந்து, இந்த மூலையில், இந்த டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் தனலெட்சுமி காய் நறுக்கினாள். மாவு பிசைந்தாள். மத்தியானம் பாய் போட்டுப் படுத்ததும் இங்கேதான். சமையலறை ஜன்னலைச் சாத்தியது அவர். மீன் வாசனை வருகிறதென்று.

"தனம்," என்று கூப்பிட்டார்.

பின்னறைப் பக்கமிருந்து பதில் வந்தது. பதில் இல்லை, மூச்சு. வெடுக்கென்று ஓர் இழுப்பு. பிறகு நீளமான, நனைந்த விசில்.

வாசலில் வேன் வந்து நின்றது.

செராஸுக்குப் போக வேண்டிய வேன். ஏழு பேரும் இங்கே இறங்கினார்கள். வாசு, இரண்டு சீனப் பெண்கள், தடித்த மலாய்க்காரர் ஒருவர், இரண்டு தமிழ்ப் பையன்கள், கோமளா. ஒருவரும் பையை எடுக்கவில்லை. ஒருவரும் கதவைச் சாத்தவில்லை. ஏழெட்டு மணி நேரப் பிரயாணத்துக்குப் பிறகும் தலைமுடி சொட்டிக்கொண்டிருந்தது. தெருவிளக்கு அப்போதுதான் எரிந்தது. ஏழு பேரும் ஒன்றாக மூச்சை இழுத்தார்கள். ஒன்றாக விட்டார்கள். ஏழு விசில். ஒரே விசில்.

கன்னையா கேட்டுக்குக் குறுக்கே நின்றார்.

"கோமளா. நான் அப்பாம்மா."

அவள் அவரைப் பார்த்தாள். முகம் அவளுடையது. வெயிலில் மூக்கு உரிந்திருந்தது. தூரத்து உறவைப் பார்ப்பதுபோல மரியாதையாகச் சிரித்தாள்.

"மாப்ளே," என்றாள். "கதவெத் தொற."

குரலும் அவளுடையதுதான்.

அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். கடல் தண்ணீரின் குளிர். அவள் உதறவில்லை. இறுகிய நட்டைக் கழற்றுவதுபோல, அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக, பொறுமையாக எடுத்தாள். பிறகு எல்லோரும் அவரைத் தாண்டிப் போனார்கள். தோள்கள் உரசின. உப்பு. தைலம். கிராம்பு.

பின்னறைக் கதவருகே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தனலெட்சுமி சாவியோடு நின்றாள். பூட்டைத் திறந்தாள். கதவை இழுத்தாள். வரவில்லை. உள்ளே ஒன்றுமில்லாத அறை அதைப் பிடித்து வைத்திருந்தது.

எட்டுப் பேர்.

அவர்கள் மண்டியிட்டார்கள். வாசு சாவித் துவாரத்தில் வாயை வைத்தான். மலாய்க்காரர் வாசற்படி இடுக்கில். பெண்கள் இருவரும் கதவோரக் காகிதங்களை நகத்தால் கீறி, அங்கே உதடுகளை ஒட்டினார்கள். பையன்கள் கீல்களில். தனலெட்சுமி பலகையின் ஒரு விரிசலில். கோமளா கொல்லைக்குப் போய், தொங்கிய ஹோஸின் முனையைத் தக்கையோடு கடித்தாள். பல்லாலேயே தக்கையைப் பிடுங்கித் துப்பினாள். பிறகு ஹோஸை வாயில் கவ்விக்கொண்டாள். வாசு சொல்லிக் கொடுத்தபடி, ஒழுங்காக, பற்களுக்கு நடுவே.

ஊதினார்கள்.

அவள் பின்னாலேயே வந்த கன்னையா எண்ணினார். வேறென்ன செய்வார்? ஒரு மனிதன் ஒரே மூச்சில் பத்து எண்ணும் வரை ஊதலாம். தம் பிடித்தவன் இருபது. நாற்பது எண்ணினார். நூறு எண்ணினார். யாரும் வாயை எடுக்கவில்லை. யாரும் உள்ளே இழுக்கவில்லை. கோமளாவின் சட்டைக்குள் விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. வயிறு முதுகோடு ஒட்டியது. அவர் அவளைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. ஹோஸைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. அவளுடைய கண்கள் திறந்திருந்தன. எங்கும் பார்க்கவில்லை.

இருநூறு.

வீட்டுக்குள் கதவுப் பலகை கிறீச்சிட்டு நிமிர்ந்தது.

ஊதுவது நின்றது. அவர் பின்னறை வாசலுக்கு ஓடினார். ஏழு வாய்களும் கதவில் ஒட்டியபடியே இருந்தன. ஒரு மார்பும் எழவில்லை. விளக்கின் சுடர் நேராக நின்றது. அதை அசைக்க அங்கே ஒருவரிடமும் மூச்சில்லை.

அப்போது உள்ளே ஒருவர் மூச்சை இழுத்தார்.

விசில் இல்லை. தடுமாற்றம் இல்லை. நெஞ்சு நிறைய, நிதானமான, நீண்ட மூச்சு. பதினோரு வருஷத்தில் கன்னையா கேட்டிராத மூச்சு. அது வெளியே வந்தபோது கதவிடுக்குக் காகிதங்கள் மெல்லப் படபடத்தன.

பிறகு, அவசரமே இல்லாமல், உள்ளேயிருந்து கதவு திறந்தது.